அலுமினியமும் அதன் மெருகும்



பொன்னின் வரலாற்றை அரசர்கள் கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்து வைத்தார்கள். வெள்ளியின் வரலாற்றை வணிகர்கள் தம் கணக்கேடுகளில் எழுதி வைத்தார்கள். ராகலையிலும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும், லயத்துக் காம்பராக்களின் சுவர்த் தட்டிலே கவிழ்த்து அடுக்கப்பட்ட அலுமினியப் பாத்திரங்களைக் கண்டிராதவர் அரியர். அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பேரரசர் ஒருவரின் மாளிகையிலே தொடங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் அடுப்படியிலே வந்து சேர்ந்த வரலாறு அது. அதனைச் சுருக்கமாகக் கூறி, அவ்வுலோகத்துக்கு வீட்டிலிருந்தபடியே அழகிய மெருகு இடும் முறையையும் விளக்குவது இன்றைய பேச்சின் நோக்கம்.

மெருகு என்பது இருவகைப்படும். முகம் பார்க்குமளவுக்குத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஒன்று. இதனைக் கண்ணாடி மெருகு எனலாம். மற்றையது, ஒரே திசையிலே செல்லும் எண்ணற்ற மெல்லிய கோடுகளைப் பரப்பெங்கும் இட்டு, பட்டுத்துணியின் ஒளியைப் போன்றதோர் அடங்கிய ஒளியை உண்டாக்குவது. இதனை வரிமெருகு என்று அழைப்போம். பழைய வானொலிப் பெட்டிகள் சிலவற்றின் முகப்புத் தகட்டிலும், மின்தூக்கியின் கதவிலும், கைக்கடிகாரத்தின் பின்புறத்திலும் நேயர்கள் இதனைக் கண்டிருத்தல் கூடும். இசைத்தட்டு ஒன்றை விளக்கின்கீழ்ப் பிடித்தால், அதன் நெருங்கிய வரிகளிலே ஒளி ஒரு கற்றையாக நீண்டு தோன்றுகிறதன்றோ? வரிமெருகின் இயல்பும் அதுவே. கோடுகள் ஒளியை நெடுக்குவாட்டில் விடாது குறுக்குவாட்டிலே சிதறச் செய்கின்றன. ஆகவே கண் கூசுவதில்லை. ஆயினும் பரப்பு மங்கியும் தோன்றுவதில்லை.

இவ்விருவகை மெருகுள் வரிமெருகே இல்லத்துக்கு ஏற்றது. கண்ணாடி மெருகிட்ட தட்டிலே ஒரு கீறல் விழுந்தாலும் அது ஊருக்கெல்லாம் தெரியும். வரிமெருகிட்ட தட்டிலோ, புதிய கீறல் தன்னைப் போன்ற ஆயிரம் கோடுகளுக்கிடையே மறைந்துவிடுகிறது. அன்றாடம் புழங்கும் பொருளுக்கு இதனைவிடப் பொருத்தமான மெருகு வேறில்லை.

இனி, அலுமினியத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பூமியின் மேலோட்டிலே மிகுதியாகக் கிடைக்கும் உலோகம் இதுவே. அவ்வோட்டின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு அலுமினியமாகும். மலையகத்துச் செம்மண்ணிலும் அது நிறைய உண்டு. புளிப்புத்தன்மை மிகுந்த மண்ணிலே கரைந்து நிற்கும் அலுமினியம் பெரும்பாலான பயிர்களின் வேர்களைக் கெடுக்கும். தேயிலைச் செடியோ அதனைத் தாங்கிக்கொள்வதோடு நில்லாது, வேரின் வழியே உறிஞ்சித் தன் முற்றிய இலைகளிலே சேர்த்தும் வைக்கிறது. இளங்கொழுந்திலே அதன் அளவு குறைவு. ஆதலால், அலுமினியச் சட்டி மலைநாட்டுக்கு வருவதற்கு முன்னரே அலுமினியம் இம்மலைகளிலே இருந்தது. அதனை எடுத்துப் பாத்திரமாக்கும் வழிதான் மனிதனுக்குத் தெரியவில்லை.

அவ்வழி தெரியாமற் போனதற்குக் காரணம் உண்டு. அலுமினியம் ஒட்சிசனை இறுகப் பற்றிக்கொள்ளும் உலோகம். இரும்பையும் செம்பையும் போலக் கரியோடு சேர்த்து உலையிலிட்டு அதனைப் பிரித்தெடுத்தல் இயலாது. பிரித்தெடுத்த பின்னரும் காற்றுப் பட்ட கணத்திலேயே அதன் மேற்பரப்பில் ஒட்சைட்டுத் தோல் ஒன்று படர்ந்துவிடுகிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அக்கூறுகளிற் சிலவே இத்தோலின் கனம். எனினும் கடினமான அத்தோல் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் கவசமாக நிற்கிறது. நாம் அலுமினியத்தைத் தேய்க்கும்போது பழைய தோலை நீக்குகிறோம். தேய்த்த கை ஓயுமுன்னரே புதிய தோல் வந்து மூடுகிறது. இதனை மனத்திற் கொண்டால் மெருகின் கலை எளிதிலே விளங்கும்.

இலங்கையர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று இங்குண்டு. அந்த ஒட்சைட்டே பூமியின் ஆழத்திலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பளிங்காக உறையும்போது, அதனிற் கலந்த சிறிதளவு பிற பொருளால் நிறம் பெற்று நீலமாகவும் மாணிக்கமாகவும் ஆகின்றது. இரத்தினபுரியின் நீலக்கல்லும், லயத்துச் சட்டியின்மேற் படர்ந்த தோலும் ஒரே சேர்க்கைப் பொருள். நிறமும் தெளிவும் குன்றிய அதே பளிங்கைத் தமிழர் குருந்தம் என்றனர். ஆங்கிலேயர் தம் மொழியிலே இக்கனிமத்துக்கு வழங்கும் பெயரும் இத்தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. குருந்தத்தைப் பொடித்து அரக்கிலே குழைத்துச் சாணைக்கல் செய்து, வாளும் கத்தியும் தீட்டி, மணிகளுக்குப் பட்டை தீட்டும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்தது. 1890-களின் இறுதியில் பொக்சைற்று என்னும் அலுமினியத் தாதுவை மின்னுலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்யக் கற்றனர். இன்று நாம் கடையில் வாங்கும் உப்புத்தாளின் பழுப்புநிறப் பரல்கள் பெரும்பாலும் அதுவே. ஆக, அலுமினியத்துக்கு மெருகிடும் கருவியும் அலுமினியத்தின் பிள்ளையே ஆகும்.

இவ்வுலோகம் மனிதன் கைக்கு வந்த கதை மிகப் பழையதன்று. 1825-ஆம் ஆண்டிலே டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் என்னும் அறிஞர் அதனைத் தூய்மை குன்றிய நிலையிலே முதன்முதல் பிரித்தார். 1827-இல் ஜெர்மனியரான வோலர் அதனைத் தூளாகப் பெற்றார். 1854-இல் பிரான்சைச் சேர்ந்த சென் கிளயர் டெவில் என்பார் சோடியத்தைக் கொண்டு அதனைக் கட்டிகளாகச் செய்யும் முறையைக் கண்டார். மறு ஆண்டு பாரிஸ் மாநகரிலே நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே அக்கட்டிகள் அரும்பொருளாக வைக்கப்பட்டன. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தவர். அவர் தமது விருந்திலே சிறப்பான விருந்தினர்க்கு அலுமினியக் கரண்டியும் ஏனையோர்க்குப் பொற்கரண்டியும் கொடுத்தார் என்பது செவிவழிச் செய்தி. அது மெய்யாயினும் ஆகாதாயினும், அக்காலத்திலே அலுமினியம் பெற்றிருந்த மதிப்பை அது நன்கு காட்டுகிறது. 1884-ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தலைநகரில் வாஷிங்டனின் நினைவுத்தூண் நிறைவெய்தியபோது, அதன் உச்சியிலே சூட்டப்பட்டது 100 அவுன்சு எடையுள்ள அலுமினிய முடி. ஓர் அவுன்சின் விலை அன்று ஏறத்தாழ ஒரு டொலர். ஏற்றுவதற்கு முன்னர் நியூயோர்க்கிலே நகைக்கடை ஒன்றில் அதனை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

ஈராண்டு கழிந்தது. 1886-இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் மார்ட்டின் ஹால் என்னும் இளைஞரும், பிரான்சில் போல் எரூ என்னும் இளைஞரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, உருகிய கிரயோலைற்றிலே அலுமினிய ஒட்சைட்டைக் கரைத்து மின்சாரத்தைச் செலுத்தி உலோகத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863-இல். இருவரும் மறைந்தது 1914-இல். அடுத்த சில ஆண்டுகளில் பொக்சைற்றைத் தூய்மையாக்கும் முறையைக் கார்ல் பாயர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் வகுத்தார். விலை மளமளவென்று இறங்கிற்று. ஓர் அவுன்சுக்கு ஒரு டொலராய் இருந்த உலோகம், 1890-களுக்குள்ளேயே ஓர் இறாத்தல் ஒரு டொலருக்கும் குறைவாயிற்று. அரும்பொருளின் அரியணை பறிபோயிற்று. ஏழையின் அடுப்படிக்குச் செல்லும் பாதை திறந்தது.

அப்பாதை தமிழகத்தை அடைந்தது சென்னைக் கலைப்பள்ளியின் வழியாக. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தோற்றுவித்த அப்பள்ளி, கைத்தொழில்களைக் கற்பித்து வந்தது. சென்னைப் பொறியியற் கல்லூரியிலே பேராசிரியராயிருந்த அல்பிரட் சட்டர்டன் அதன் பொறுப்பை ஏற்ற பின்னர், 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்த தகட்டை, செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய நம்மூர்க் கன்னார்களின் கையிலே கொடுத்தார். மரபான சுத்தியலும் பட்டடையும் புதிய உலோகத்தை ஏற்றுக்கொண்டன. பித்தளைப் பாத்திரத்திலே புளி சேர்ந்த உணவைச் சமைத்தால் களிம்பு ஏறும். அதனைத் தடுக்கக் காலந்தோறும் ஈயம் பூசுதல் வேண்டும். அலுமினியத்துக்கு ஈயம் பூச வேண்டுவதில்லை. எடையும் பித்தளையின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. முயற்சி வெற்றி கண்டது. 1900-களின் தொடக்கத்திலே அத்தொழில் தனியார் நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. பின்னர் 1943-இல் கேரளத்து ஆலுவாவில் உருக்காலை ஒன்று இயங்கத் தொடங்கிற்று. 1965-இல் சேர்வராயன் மலையின் பொக்சைற்றையும் மேட்டூர் அணையின் மின்வலியையும் நம்பி, மேட்டூரிலே மற்றோர் ஆலை எழுந்தது.

இனி மலைநாட்டுக்கு வருவோம். 1867-இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869-இலே கோப்பிப் பயிரைப் பூஞ்சணநோய் பற்றியது. அது கோப்பியை வீழ்த்த, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகளெல்லாம் தேயிலையாயின. தேயிலை மணமும் ஈரமும் பற்றும் பொருள். ஆகவே மரப்பெட்டியின் உட்புறத்தே ஈயத்தாள் விரித்து அதனைக் கப்பலேற்றினர். 1910-இல் சுவிற்சர்லாந்திலே அலுமினியத்தை மெல்லிய தாளாக உருட்டும் முறை அமைந்த பின்னர், நாளடைவிலே ஈயத்தாளின் இடத்தை அலுமினியத்தாள் பெற்றது. மரப்பெட்டிக்குப் பதிலாகக் கடதாசிச் சாக்கு வந்துள்ள இந்நாளிலும், அச்சாக்கின் உட்படையாக அலுமினியத்தாளே அமைகிறது.

ராகலைக்கு ஒருகாலத்திலே புகையிரதம் ஓடிற்று என்பதை இளைய நேயர் பலர் அறியார். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903-இலும், அங்கிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு 1904-இலும், இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை திறக்கப்பட்டது. தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளை இறக்கிச் செல்லவும், தோட்டங்களுக்கு வேண்டிய பொருள்களை ஏற்றி வரவும் அமைந்த பாதை அது. 1940-களிலே அது மறைந்தது. தேயிலையின் பொருட்டுச் செய்யப்பட்ட இத்தகைய ஏற்பாடுகள் பல. தேயிலையைப் பறித்த கைகளுக்குக் கிடைத்தவையோ சில. அவற்றுள் அலுமினியப் பாத்திரம் ஒன்று.

தமிழகத்து ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்தோர்க்கு மண்சட்டியும் பித்தளைச் செம்புமே பழக்கமானவை. மண்சட்டி எளிதில் உடையும். பித்தளை விலை மிகுந்தது, எடையும் மிகுந்தது. அலுமினியமோ விலை குறைந்தது, உடையாதது, விரைவிற் சூடேறுவது. ஒற்றைக் காம்பராவும் அதன் முன்னே சிறிய இஸ்தோப்பும் என்றமைந்த லயத்து வீட்டிலே, சுவருக்கு வண்ணம் பூசுவதும் தரையை மாற்றுவதும் குடியிருப்போரின் விருப்பத்துக்கு உட்பட்டவையல்ல. தட்டிலே அடுக்கிய பாத்திரங்கள் அவர்களுடையவை. அவற்றைப் பளிச்சென்று வைத்திருத்தல் குடும்பத்தின் மதிப்பைக் காட்டும் அடையாளமாயிற்று. பொழுது விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையிலே மீண்டும் பீலிக்கரையிற் குந்திப் பாத்திரம் விளக்கியவர்கள் பெண்களே. அந்த மெருகை நாம் போற்றும்போது, அதற்காகச் செலவிடப்பட்ட ஓய்வற்ற மாலைப்பொழுதுகளையும் எண்ணிப் பார்த்தல் கடன். இந்த வேலை பெண்ணுக்கே உரியது என்று எந்த நூலும் விதிக்கவில்லை.

அவர்கள் பயன்படுத்தியவை பெரும்பாலும் அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பும். பித்தளைக்குச் சாம்பலும் புளியும் தக்க துணை. அலுமினியத்துக்குச் சாம்பல் நண்பனன்று. விறகுச் சாம்பலிலே பொற்றாசியம் காபனேற்று என்னும் காரப்பொருள் உண்டு. நீரோடு சேர்ந்த காரம், நாம் முன்னே கூறிய ஒட்சைட்டுத் தோலைக் கரைத்து, அடியிலுள்ள உலோகத்தையும் அரிக்கிறது. உடனே கழுவினால் தீங்கு சிறிது. சாம்பல் நீர் பட்டபடியே இரவெல்லாம் கிடந்தால் பாத்திரம் கருத்து, சொரசொரப்பாகிவிடும். சலவைச் சோடாவும் எரிசோடாவும் இதனினும் கொடியவை. கருத்த பாத்திரத்திலே நீரும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துச் சிறிது கொதிக்க வைத்தால் கருமை நீங்கும்; புளிப்பு அதனைக் கரைத்துவிடும். இதே காரணம்பற்றியே புளிக்குழம்பையும் ஊறுகாயையும் அலுமினியப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைத்திருத்தல் தகாது. பாத்திரம் குழிபடும், உலோகமும் உணவிற் கலக்கும்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இல்லங்களிலே அலுமினியச் சட்டிகள் பரவிய காலத்தில், அவை விரைவிற் கருத்துவிடுகின்றன என்ற குறை எங்கும் எழுந்தது. அதற்கு மாற்றாகச் சவர்க்காரத்தோடு கூடிய இரும்பு நார்ப்பஞ்சு தோன்றிற்று. 1913-இல் நியூயோர்க்கிலே பிரில்லோ என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1917-இல் சன்பிரான்சிஸ்கோ நகரிலே வீடு வீடாகச் சென்று அலுமினியச் சட்டி விற்ற எட் கொக்ஸ் என்பவர், சட்டி வாங்குவோர்க்குக் கொடுப்பதற்கென்று இத்தகைய பஞ்சைத் தாமே செய்தார். அதற்கு எஸ்.ஓ.எஸ். என்ற பெயரைச் சூட்டியவர் அவர் மனைவியார் என்றும், நம் சட்டிகளைக் காப்பாற்றுங்கள் என்பதே அவர் கருதிய பொருள் என்றும் கூறுவர். 1958-இல் செயற்கை இழைகளிலே பரல்களை ஒட்டிய ஸ்கொட்ச் பிரைட் என்னும் தேய்ப்பான் வெளிவந்தது. இன்று நம் கடைகளிலே தொங்கும் பச்சைநிறத் தேய்ப்பான்கள் அதன் வழியில் வந்தவை. தொழிற்சாலைகளிலே வரிமெருகு இடுவதற்கும் இவ்வினத்தைச் சேர்ந்த சக்கரங்களும் பட்டைகளும் பயன்படுகின்றன. சட்டி துலக்கும் பொருளும் தொழிற்சாலையின் மெருகுக் கருவியும் ஒரே குடும்பம் என்பது இதனாற் புலனாகும். வேறுபாடு கையின் ஒழுங்கிலே இருக்கிறது. துலக்குபவர் கை வட்டமாகவும் குறுக்காகவும் போகும். மெருகிடுபவர் கை ஒரே திசையிற் போகும்.

அம்முறையை இனி வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, தக்க பொருளைத் தேர்தல். தட்டையான தாம்பாளம், பழைய பாத்திரத்தின் மூடி, கதவிலே மாட்டும் பெயர்ப்பலகை, வானொலிப் பெட்டியின் முகப்புத் தகடு ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. ஒட்டாத பூச்சிட்ட பாத்திரத்தையும், மின்முறையாற் கடினத் தோல் ஏற்றிய பாத்திரத்தையும் தொடுதல் கூடாது. சமையற் பாத்திரத்தின் உட்புறத்தையும் உப்புத்தாளினால் தேய்க்க வேண்டுவதில்லை. மெருகு வெளிப்புறத்துக்கே உரியது.

இரண்டாவது, கழுவுதல். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு எண்ணெய்ப் பசையை முற்றாக நீக்குதல் வேண்டும். பசை இருந்தால் கோடு ஓரிடத்திற் பதியும், ஓரிடத்திற் பதியாது.

மூன்றாவது, பொருளை அசையாது நிறுத்துதல். தகட்டைச் சமமான பலகைமேல் வைத்து, அதன் ஓரத்தையொட்டி நேரான மரச்சட்டம் ஒன்றைப் பொருத்துக. உப்புத்தாளைத் தட்டையான மரத்துண்டொன்றிலே சுற்றி, அத்துண்டு சட்டத்தை உரசியபடி செல்லுமாறு தேய்த்தால் கோடுகள் வளையா. மரத்துண்டு இல்லாது விரலால் அழுத்தித் தேய்த்தால், விரல் பட்ட இடங்களிலே பள்ளம் விழும்.

நான்காவது, பரலின் அளவு. உப்புத்தாளின் பின்புறத்தே எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் பெருகப் பெருகப் பரல் நுண்மையாகும். ஆழ்ந்த கீறல்கள் இருந்தால் 120 எண்ணுள்ள தாளிலே தொடங்குக. கீறல்கள் மறைந்ததும் 240-க்குச் செல்க. பின்னர் 320 அல்லது 400. முதல் இரு படிகளையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் தேய்த்தால், முந்திய படியின் கோடுகள் முற்றாக அகன்றனவா என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இறுதிப் படியிலே திசை மாறுதல் ஒருபோதும் கூடாது. கோடுகள் இன்னும் மென்மையாக வேண்டுமாயின், பச்சைத் தேய்ப்பானை அதே மரத்துண்டிலே சுற்றி அதே திசையில் இழுக்கலாம்.

ஐந்தாவது, கை செல்லும் முறை. ஓர் ஓரத்துக்குச் சற்று வெளியே தொடங்கி, மறு ஓரத்துக்கு வெளியே முடித்தல் வேண்டும். முடிந்ததும் கையை உயர்த்தித் தொடங்கிய இடத்துக்கு மீண்டும் கொண்டுவருக. தகட்டின் நடுவிலே நிறுத்தினாலும், முன்னும் பின்னுமாக இழுத்தாலும், கை திரும்பும் இடத்திலே சுழிகள் விழும். ஒரே சீரான அழுத்தமே போதும், வலிமை வேண்டுவதில்லை.

ஆறாவது, நீர். சவர்க்காரம் கலந்த நீரால் பரப்பை நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். அலுமினியம் மென்மையான உலோகம். உலர்ந்த தாளின் பரல்களுக்கிடையே அதன் துகள் அடைத்துக்கொண்டு, தாளை வழுக்கச் செய்யும். நனைத்துத் தேய்த்தால் துகள் கழுவப்படுவதோடு, தூசு காற்றிற் பறந்து நெஞ்சுக்குள் செல்வதும் தடைப்படும். உலர்ந்த நுண்ணிய அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே மின்பொறி கொண்டு உலரத் தேய்க்கும் வேலையை வீட்டிலே செய்யாதிருப்பதே நன்று. அடுப்படியில் எவ்வகைத் தேய்ப்பும் வேண்டா. தாள் உப்புத்தாளாயின், நீரிற் கரையாத வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

இரும்பு நார்ப்பஞ்சைப் பயன்படுத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அதன் நுண்ணிய துண்டுகள் மென்மையான அலுமினியத்திலே பதிந்து, நாளடைவில் துருப்புள்ளிகளாகத் தோன்றும். சாதாரண இரும்புக்கம்பித் தூரிகையும் இத்தீங்கைச் செய்யும். கம்பித் தூரிகைதான் வேண்டுமெனில், துருவேறாத உருக்காற் செய்ததையும், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருப்பதையும் கொள்க.

வட்டமான மூடியும் சட்டியும் வேறு முறையை வேண்டுவன. ஆலையிலே சுழலும் அச்சின்மேல் தகட்டை அழுத்தி வனையப்பட்டவை அவற்றுட் பல. உற்று நோக்கினால் வட்ட வட்டமான வரிகள் அவற்றிலே தெரியும். நேர்கோடு இட முயலாது, பிறந்தபோதே அமைந்த அவ்வட்டங்களைத் தொடர்ந்து செல்வதே அழகு. தேய்ப்பானை ஒரு கையில் அசையாது பிடித்து, மறுகையால் மூடியைச் சுழற்றினால் வரிகள் ஒழுங்காக அமையும்.

ஏழாவதும் இறுதியுமானது, காத்தல். வேலை முடிந்ததும் தூய நீரிற் பலமுறை அலசி, மென்துணியால் உடனே துடைத்தல் வேண்டும். நீர்த்துளி நின்று உலர்ந்தால் புள்ளி விழும். அலங்காரப் பொருளாயின் நிறமற்ற வார்னிசு பூசிக் காக்கலாம். உணவு படும் பொருளுக்கு எந்தப் பூச்சும் கூடாது; அதன் தோல் தானே வளர்ந்து அதனைக் காக்கும். ஆலைகளிலே இத்தோலை மின்சாரத்தால் தடிப்பாக்கும் முறை உண்டு. கடலிலே இறங்கும் விமானங்களின் பகுதிகளை உப்புநீரிலிருந்து காப்பதற்காக 1923-இல் இங்கிலாந்திலே பெங்கோ, ஸ்ருவாட் என்னும் இருவர் அதனை வகுத்தனர். வரிமெருகு இட்டுப் பின்னர் இத்தோலை ஏற்றிய தகடுகளே நீண்டகாலம் நிறம் மாறாதிருப்பவை. அமிலத்தொட்டி வேண்டும் அம்முறை வீட்டுக்கு உரியதன்று.

நேயர்களே, முறையைக் கூறிவிட்டோம். ஆயினும் உப்புத்தாளைக் கையிலெடுக்குமுன் கருத வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது.

பாத்திரத்திலே பெயர் வெட்டுவித்தல் தமிழர் வழக்கம். திருமணத்துக்கோ, பூப்பு நீராட்டுக்கோ, புதுமனை புகுதலுக்கோ கொடுத்த பாத்திரத்தின் விளிம்பிலே கொடுத்தவர் பெயரும் நாளும் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஏனைய ஊர்களில் இது வெறும் அடையாளம். மலையகத்திலே இதற்குத் தனியான பொருள் உண்டு. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிலே பிறந்ததற்குச் சான்று காட்டுமாறு கேட்டபோது, தோட்ட மக்களுள் மிகப் பலரிடம் காட்டுவதற்குக் கடதாசி இருக்கவில்லை. 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிந்திய உடன்படிக்கைக்கு விடப்பட்டது. அதன்படி புறப்பட்டோர் மலையை விட்டிறங்கி, தலைமன்னாரிலே கப்பலேறி, இராமேசுவரம் சென்றனர். தட்டுமுட்டுப் பொருள்களோடு பாத்திரங்களும் இருகரைக்கும் பிரிந்தன. அக்காள் பெயர் பொறித்த குண்டான் இங்கேயும், தங்கை பெயர் பொறித்த செம்பு அங்கேயுமாகப் போன குடும்பங்கள் உண்டு. எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடிப்பதற்கான சட்டம் 2003-இலே தான் வந்தது.

எந்த அலுவலகமும் ஏற்காத சான்று அந்தப் பொறித்த பெயர். ஆயினும் பாட்டியின் பெயரை எழுத்திலே கண்ட இடம் அதுவொன்றே என்று கூறக்கூடிய பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருத்தல் கூடும். அத்தகைய பாத்திரங்கள் இன்று பழைய இரும்புக்காரரின் தராசிலே கிலோ கணக்கில் நிறுக்கப்படுகின்றன. தாதுவிலிருந்து புதிதாகப் பிரிப்பதற்கு வேண்டிய மின்வலியில் நூற்றுக்கு ஐந்து பங்களவே பழைய அலுமினியத்தை உருக்குவதற்குப் போதும். எனவே உடைந்ததையும் ஓட்டையானதையும் உருக்கக் கொடுத்தல் நாட்டுக்கு நன்மையே. ஆனால் கொடுக்குமுன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பெயர் இருந்தால் அதனை ஒரு கொப்பியிலே எழுதி வைத்தல் வேண்டும்.

மெருகிடும்போதும் இதே கருத்தைப் பேணுக. மெருகு என்பது நீக்குதலால் வருவது. 120 எண் தாள் கீறலை நீக்கும், எழுத்தையும் நீக்கும். அதற்குக் கீறல் எது, பெயர் எது என்று தெரியாது; அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் வெட்டிய இடத்தின்மேல் ஒட்டுத்தாளை இருபடையாக ஒட்டி, அதன் விளிம்புவரை மட்டும் தேய்த்து, இறுதியில் தாளை உரித்துவிடுக. பழைய நிறத்தோடு கூடிய அச்சிறு கட்டத்தைச் சுற்றிலும் புதிய வரிகள் ஓடுவது பார்வைக்குக் குறையாகத் தோன்றாது. அவ்வெழுத்துகள் முன்னினும் எடுப்பாகத் தெரியும்.

பேரரசர் மாளிகையிலே பொன்னினும் மேலாக வைக்கப்பட்ட உலோகம், இன்று நம் கைக்கெட்டிய தட்டிலே இருக்கிறது. அதற்கு மெருகிட வேண்டியவை ஒரு துண்டு உப்புத்தாளும், கொஞ்சம் சவர்க்கார நீரும், ஒரு திசையை விட்டு விலகாத கையும். இந்த வாரவிடுமுறையிலே பழைய தாம்பாளமொன்றை எடுத்து முயன்று பாருங்கள். வேலையைத் தொடங்குமுன் அதன் விளிம்பிலே எழுதியிருப்பது யாருடைய பெயரென்று வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு, பிள்ளைகளும் அறியச் செய்யுங்கள்.